நான் கழற்றிவிட்ட சிவப்பு லைற்

போன கிழமை நான் கராஜுக்கு வந்திருந்தபோது, தொழில் பழகுகிற உங்களில் ஒரு தம்பி என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "ஐயா, பழைய கார் ஒண்டை வீட்டிலை வைச்சே ஒல்ரனேற்றர் கழட்டிறதெண்டால், முதல் எதைக் கழட்டவேணும்?" பற்றரி வயரை என்றேன். உடனே கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டான். அவன் எழுதுவதைப் பார்த்தபிறகுதான் எனக்கு மனம் கேட்கவில்லை. நான் சொன்னது பாதிப் பதில். மீதியைச் சொல்லாமல் வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் யோசித்து, இதை எழுத உட்கார்ந்தேன்.

எந்த நட்டுக்கு எந்த ஸ்பானர் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. புத்தகத்தில் படமே போட்டிருக்கிறார்கள். நான் சொல்லப்போவது என் பிழை ஒன்றைப் பற்றி. சொல்ல எனக்கு விருப்பமில்லைதான். ஆனால் எழுபது வயது தாண்டிய பிறகும் வெட்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து என்ன செய்வது?

எங்கள் காலத்தில் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் கார் மெக்கானிக்கிடம் வராது, மெக்கானிக்தான் காரிடம் போகவேண்டும். வேலணைச் சந்திக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கொட்டில் இருந்தது. அதில் நான் இருந்த நேரம் குறைவு. சைக்கிள் கரியரில் தகரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர்காவற்றுறை, புங்குடுதீவு என்று ஓடுவேன். ஒருமுறை நெடுந்தீவில் ஒரு ட்ராக்டர் பார்க்க வள்ளத்தில் போய், கடல் கொந்தளித்ததால் மூன்று நாள் திரும்பிவர ஏலாமல் அங்கேயே சாப்பிட்டுக்கொண்டு இருந்தேன். அந்த மூன்று நாளில் நெடுந்தீவில் பழுதான சாமான் எல்லாம் என் காலடிக்கு வந்துவிட்டது.

வீட்டில் வைத்து வேலை செய்வதில் ஒரு சங்கடம் உண்டு. கராஜில் பிழை விட்டால் அது உங்களுக்கும் சுவருக்கும் மட்டும்தான் தெரியும். வீட்டில் என்றால் சனம் கதிரையைப் போட்டு இருந்து பார்க்கும். அதோடு கார் வைத்திருப்பவர்களுக்கும் கை சும்மா இராது. ஊர்காவற்றுறையில் அரசாங்கக் கந்தோரில் வேலைசெய்த ஒருவர், பற்றரிக்குச் சார்ச் ஏற்றுகிற டைனமோ பழுதென்று தானே அதைக் கழற்றி வைத்துவிட்டு, "பற்றரியிலை ஓடுவன்தானே" என்று பட்டணத்துக்குக் காரை எடுத்தார். டைனமோவைச் சுற்றுகிற அதே பெல்ற்தான் எஞ்சினுக்குத் தண்ணீர் ஓட்டுகிற பம்பையும் சுற்றுகிறது என்பது மனுசனுக்குத் தெரியாது. பிடித்திழுக்க டைனமோ இல்லாமல் பெல்ற் கழன்று விழுந்துவிட்டது. இரண்டு கட்டைத் தூரம் தாண்டவில்லை, கார் தேத்தண்ணிக் கேத்தில்போல ஆவி விட்டுக்கொண்டு வயற்கரையில் நின்றது. செத்த டைனமோ என்றாலும் அது இருக்கிற இடத்தில் இருக்கவேண்டும் என்று அவருக்கு அன்று ஒரு பிரசங்கமே செய்தேன். நான் கெட்டிக்காரன் என்ற நினைப்பு அப்போது எனக்கு நிறைய இருந்தது.

அந்த நினைப்போடுதான் பரமேசக்கா வீட்டுக்குப் போனேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. வெளிநாட்டுச் சாமான் இறக்குமதி இல்லாத காலம். பரமேசக்காவின் கணவருக்குத் தென்னிலங்கையில் கடை. வருசத்தில் இரண்டு தரம், கோயில் திருவிழாவுக்கும் தைப்பொங்கலுக்கும் ஊருக்கு வருவார். மற்ற நாட்களில் அவருடைய பழைய இங்கிலாந்து ஏ ஃபோர்ட்டிக் கார் வீட்டோடு ஒட்டிய ஓலைக்கொட்டிலில் நிற்கும். அக்கம்பக்கத்தில் ஓடக்கூடிய கார் அது ஒன்றுதான். முன்பு லொறி ஓட்டிய நாகரத்தினம் அண்ணை என்ற அயலவர் தேவைப்படும்போது வந்து ஓட்டிக் கொடுப்பார்.

அந்த வீட்டில் கரண்ட் இல்லை. ஆனால் பெரிய வால்வு றேடியோ ஒன்று இருந்தது. தீவில் கார் வைத்திருந்த வீடுகள் பலவற்றில் இருந்த வழக்கம்தான் அங்கேயும். காரின் பற்றரியிலிருந்து யன்னல் வழியாக ஒரு வயர் வீட்டுக்குள் போகும். பின்னேரத்தில் செய்தியும் பாட்டும் கேட்பார்கள். றேடியோ குடித்ததைக் கார் அடுத்த ஓட்டத்தில் நிரப்பிவிடும். காருக்கும் றேடியோவுக்கும் அப்படி ஒரு கொடுக்கல் வாங்கல். அதில் பிழை ஒன்றும் இல்லை, கார் ஒழுங்காகச் சார்ச் பண்ணும்வரை.

அந்தக் கார்த்திகையில் பரமேசக்காவின் மகள் வசந்தி பிள்ளைத்தாச்சி. முதற்பிள்ளை வயிற்றில் தங்காமல் போனது. இந்தமுறை யாழ்ப்பாணத்து டொக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். பிள்ளைப்பேற்றுக் குத்து எடுத்தால் உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும், வயிற்றை வெட்டித்தான் பிள்ளையை எடுக்க வேண்டிவரும், பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றிலும் மறித்து வைத்திருக்கக்கூடாது என்று. பேற்றுக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. எதற்கும் காரை ஒருக்கால் பார்த்துவைப்போம் என்று பரமேசக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினா. எஞ்சின் ஓடும்போது கிரீச்சென்று ஒரு சத்தம்.

போய்ச் சத்தத்தைக் கேட்டேன். ஒல்ரனேற்றருக்குள் சுழலுகிற பெயரிங் தேய்ந்திருந்தது. சார்ச் ஏற்றுகிற அதே வேலைக்கு அந்தக் காருக்குப் பிறந்தபோது இருந்தது டைனமோதான். முந்தின வருசம் பரமேசக்காவின் கணவர் தெற்கில் ஒரு ஆளைப் பிடித்து, ஜப்பான் லொறி ஒன்றின் ஒல்ரனேற்றரைப் பூட்டுவித்திருந்தார். அதை என்னிடம் பெருமையாகச் சொல்லியும் இருந்தார். மறக்கவில்லை, எனக்குத் தெரியும். அதுதான் இந்தக் கதையில் எனக்கு இன்றைக்கும் குத்துகிற இடம்.

பழைய இங்கிலாந்துக் கார்களில் பற்றரியின் பிளஸ் முனையைத்தான் காரின் பொடிக்கு, அதாவது இரும்பு உடம்புக்கு, கொடுப்பார்கள். ஒல்ரனேற்றர் பூட்டினால் அது தலைகீழ், மைனஸ்தான் பொடிக்கு. மாறிக் கொடுத்தால் உள்ளே இருக்கிற டயோட்டுகள் கண்மூடித் திறக்கமுன் கருகிவிடும். நான் தொழில் பழகிய நாளிலிருந்து தொட்ட கார்கள் எல்லாம் பழைய மாதிரி. ஆயிரம் தரம் பிளஸ்ஸைப் பொடிக்குக் கொடுத்த கை என்னுடையது.

கழற்றினேன். கடற்காற்றில் துருப்பிடித்த போல்ட்டுகள் காலை முழுவதையும் தின்றுவிட்டன. பெயரிங் மாற்றினேன், துடைத்தேன், திரும்பப் பூட்டினேன். எல்லாம் வடிவாக நடந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் முடித்துவிட்டுப் போகவேண்டும் என்ற அவசரம். பற்றரியைத் தூக்கி வைத்து வயரைக் கொடுத்தேன்.

பற்றரியின் இரண்டு முனையும் ஒரே பருமன் இல்லை. பிளஸ் கொஞ்சம் தடிப்பு. பொடி வயரின் கிளிப் அந்தத் தடித்த முனையில் இறங்க மறுத்தது. அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்க்ரூட்ரைவரை விட்டு நெம்பி, கிளிப்பை விரித்து, தட்டி இறக்கினேன். மற்ற வயரைத் தொடுத்ததும் பளீரென்று ஒரு பொறி. சுடுநாற்றம் ஒன்று. அந்த நாற்றம் மூக்கில் ஏறியபோதே எனக்கு விளங்கிவிட்டது.

வயரைப் பிடுங்கினேன். சரியாக மாற்றிக் கொடுத்தேன். ஸ்டார்ட் பண்ணினேன். டாஷ்போட்டில் இருக்கிற சின்னச் சிவப்பு லைற், சார்ச் ஏறவில்லை என்று சொல்கிற லைற், அணையவே இல்லை. ஒல்ரனேற்றர் செத்துவிட்டது. காலையில் சத்தம் போட்டுக்கொண்டாவது வேலைசெய்த சாமானை, மத்தியானம் நான் சத்தமில்லாமல் கொன்றுவிட்டேன்.

"எல்லாம் சரியோ தம்பி?" என்று குசினி வாசலில் அகப்பையோடு நின்று பரமேசக்கா கேட்டா.

"ஓம் அக்கா," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். விறாந்தையில் கதிரையில் வசந்தி இருந்தாள், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு. அந்தப் பிள்ளையைப் பயப்படுத்தக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாட்டு, வெறும் சாக்குப்போக்கு. உண்மையில் பயந்தது நான். வேலணையில் கெட்டிக்காரன் என்ற பெயர் போய்விடும் என்ற பயம். இரண்டு கிழமை இருக்கிறதே, நாளைக்குக் காலமை பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்ப் பழைய சாமான் கடைகளில் தேடி ஒன்று எடுத்துவந்து, ஏதோ சாட்டுச் சொல்லிப் பூட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

கருகின ஒல்ரனேற்றர் பற்றரியை உறிஞ்சிவிடும் என்பதால் அதன் தடித்த வயரைக் கழற்றி, துணி ரேப் சுற்றி ஒதுக்கிவைத்தேன். அது தேவையான வேலை. அடுத்துச் செய்ததுதான் தேவையில்லாத வேலை. டாஷ்போட்டுக்குக் கீழே கையை விட்டு, அந்தச் சிவப்பு லைற்றின் வயரையும் இழுத்துவிட்டேன். லைற் அணைந்தது. பார்க்கிறவர்களுக்குக் கார் சுகமாக இருந்தது.

பரமேசக்கா பிளேன்ரீயும் பனங்கட்டியும் கொண்டுவந்து தந்தா. தந்துவிட்டுப் போகாமல் என்னைப் பார்த்தா. "எல்லாம் சரிதானே தம்பி?"

"ஓம் அக்கா. ஒரு பிரச்சினையும் இல்லை."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். நான் அதை மறைத்துவிட்டுத் தேத்தண்ணியும் குடித்தேன். பனங்கட்டியைக் கடிக்காமல் தட்டிலேயே வைத்துவிட்டு எழும்பினேன்.

அடுத்தநாள் காலை ஒன்பது மணிக்கு வேலணைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். இருண்டு கிடந்தது. மழை கொட்டியது. கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றபடி, பஸ் வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்குப் பக்கத்திலிருந்து ஒரு வாகனம் வந்தது. முதலில் தெரிந்தது இரண்டு லைற். பிறகு வைப்பர் ஆடுவது தெரிந்தது. விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது.

ஏ ஃபோர்ட்டி.

லைற், வைப்பர், ஹோர்ன் மூன்றும் பற்றரியில் கிடக்கிறதை அள்ளிக் குடித்துக்கொண்டு வருகின்றன, பின்னால் நிரப்புவதற்கு ஒன்றும் இல்லை. அது நாகரத்தினம் அண்ணைக்குத் தெரியாது. தெரியக்கூடிய ஒரே ஒரு அடையாளத்தை நான்தான் பிடுங்கிவிட்டேன்.

ஒளித்து நிற்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது என்பதை உங்களிடம் மறைக்கவில்லை. கார் ஒருவேளை போய்ச் சேர்ந்துவிடும், ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும் என்று அந்த நினைப்பு சொன்னது. பிறகு கால் தானாக றோட்டில் இறங்கிவிட்டது. நடுறோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

கார் என் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"விசரோ உனக்கு? பிள்ளைக்குக் குத்து எடுத்திட்டுது, விலகு!" நாகரத்தினம் அண்ணை கண்ணாடியை இறக்கிக் கத்தினார்.

"அண்ணை, எஞ்சினை நிப்பாட்டாதையுங்கோ. முதல் லைற்றை நூருங்கோ."

"லைற்றை நூத்தால் எப்பிடி ஓடுறது? றோட்டுத் தெரியேல்லை."

"ஒல்ரனேற்றர் வேலை செய்யேல்லை அண்ணை. தனிப் பற்றரியிலைதான் ஓடுது. நேத்து நான்தான் வயரை மாறிக் குடுத்து எரிச்சுப்போட்டன்."

"சிவப்பு லைற் பத்தேல்லையேடா!"

"அதையும் நான்தான் கழட்டிவிட்டனான்."

அவர் அப்போது சொன்ன சொற்களை இங்கே எழுத ஏலாது. எல்லாம் எனக்குப் பொருத்தமான சொற்கள்தான். நான் பின்சீற்றைப் பார்க்கப் பயந்தேன், ஆனாலும் பார்த்தேன். வசந்தி பல்லைக் கடித்துக்கொண்டு தாயின் தோளில் சாய்ந்து கிடந்தாள். பரமேசக்கா என்னை ஏசாமல் முன்னுக்குக் குனிந்து கேட்டா.

"அண்ணை, பேச்சுப் பிறகு. தம்பி, போய்ச் சேருமோ?"

ஓம் என்று சொல்ல வாய் போனது. பழக்கதோசம். நிறுத்திக்கொண்டேன்.

"தெரியாது அக்கா. நான் சொல்லுறபடி ஓடினால் சேர இடமிருக்கு. நேத்துப் பின்னேரம் றேடியோ போட்டனீங்களோ?"

"போட்டனாங்கள். கனநேரம். நீர் சரியெண்டு சொன்னனீர்தானே. இண்டைக்குக் கார் ஓட நிரம்பிவிடும் எண்டு நினைச்சம்."

நான் சொன்ன ஒரு 'ஓம்' அந்த வீட்டில் இரவுச் செய்தி முடியும்வரை பற்றரியைக் குடித்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. அழ நேரம் இருக்கவில்லை.

"ஏறும்," என்றா பரமேசக்கா. முன்சீற்றில் ஏறினேன்.

லைற்றை அணைத்தோம். வைப்பரையும் நிறுத்தியதும் முன்கண்ணாடி முழுக்கத் தண்ணீர், ஒன்றும் தெரியவில்லை. நாகரத்தினம் அண்ணை ஆத்திரத்திலும் தொழிலை மறக்காத மனுசன். "பொயிலை இருக்கோ?" என்று பின்னால் கேட்டார். பரமேசக்கா மடியிலிருந்த வெற்றிலைப் பெட்டியைத் திறந்து ஒரு துண்டுப் புகையிலையை நீட்டினா. எஞ்சின் ஓடியபடியே நான் இறங்கி அதை நனைத்து முன்கண்ணாடி முழுக்கத் தேய்த்தேன். புகையிலை தேய்த்த கண்ணாடியில் மழை துளியாக ஒட்டாது, பரவி வழிந்து ஓடிவிடும். பழைய லொறிக்காரரின் வேலை அது. வடிவாகத் தெரிந்தது என்று சொல்லமாட்டேன். றோட்டு எது கடல் எது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

சாட்டிக் கடற்கரை கழிந்து மண்கும்பானைத் தாண்டினோம். வசந்தி என் சீற்றின் முதுகைப் பிடித்திருந்தாள். குத்து வரும்போது அவளுடைய விரல்கள் என் தோளில் ஏறி இறுகும், போனதும் தளரும். எத்தனை நிமிடத்துக்கு ஒருதரம் இறுகுகிறது என்று என்னையறியாமலே எண்ணிக்கொண்டிருந்தேன்.

அல்லைப்பிட்டி வளைவில் எஞ்சின் ஒருதரம் இருமியது.

நாகரத்தினம் அண்ணை என்னைப் பார்த்தார். கொஞ்சத்தூரம் ஒழுங்காக ஓடியது. ஆடு இரண்டு குறுக்கே வந்தபோது திரும்பவும் இருமியது. "மழைத்தண்ணி பட்டிட்டுது, நிப்பாட்டித் துடைப்பம்," என்றார் அவர். அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. பொனற்றுக்குள் ஈரம் போனால் எஞ்சின் அப்படித்தான் இருமும். அப்படியென்றால் நிறுத்தித் துடைக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்துக்குப் போகிற பண்ணைப் பாலத்துக்கு நடுவில் நின்றுவிடும். ஆனால் அது பற்றரியின் களைப்பாக இருந்தால்? நிறுத்தினால் கதை அதோடு முடிந்தது. பிறகு அந்த எஞ்சினில் உயிர் வராது.

தம்பிமாரே, இந்தமாதிரி நேரத்தில் கை ஏதாவது செய்யத் துடிக்கும். கையை மடியில் வைத்துக்கொண்டு முதலில் யோசியுங்கள். இரண்டு தரமும் என்ன நடந்தபோது இருமியது? வளைவு ஒன்று, ஆடு ஒன்று. இரண்டிலும் அண்ணை பிறேக் மிதித்தார்.

"அண்ணை, சும்மா ஒருக்கால் பிறேக்கைத் தொட்டுப்பாருங்கோ."

தொட்டார். இருமியது. விட்டார். ஓடியது.

பிறேக் மிதித்தால் பின்னால் இரண்டு சிவப்பு பல்ப் பற்றும். அந்த இரண்டு பல்ப் குடிக்கிற அளவுக்குக்கூடப் பற்றரியில் மிச்சம் இல்லை. ஈரம் இல்லை, பற்றரிதான்.

"நிப்பாட்டாதையுங்கோ. இனிப் பிறேக் மிதிக்கவும் வேண்டாம். கியரிலையே பிடியுங்கோ."

"பண்ணைப் பாலத்திலை பிறேக் இல்லாமலோ? இந்த மழைக்கையோ?"

"வேறை வழி எனக்குத் தெரியேல்லை அண்ணை."

ஒரு கணம் அவர் என்னை நம்புவாரா மாட்டாரா என்று அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்றுப் பொய் சொன்னவனை இன்றைக்கு நம்பச் சொல்லிக் கேட்கிறேன். அவர் பிறேக்கிலிருந்து காலை எடுத்தார்.

மண்டைதீவுச் சந்தி கழிந்து கடலுக்கு நடுவே போகிற அந்த றோட்டில் ஏறினோம். இரண்டு பக்கமும் கடல். அலை கல்லில் அடித்துத் தூவானம் றோட்டில் விழுந்தது. நடுவழியில் எதிரே ஒரு பஸ். ஹோர்ன் அடிக்க ஏலாது, லைற் காட்ட ஏலாது, பிறேக் மிதிக்க ஏலாது. அந்த மங்கலில் எங்கள் சாம்பல்நிறக் கார் பஸ்காரனுக்குத் தெரிந்தும் இராது. நான் கார் யன்னலால் இடுப்புவரை வெளியே வந்து, என் துவாய்த் துண்டை விரித்துச் சுழற்றிச் சுழற்றிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. அண்ணை இரண்டாம் கியருக்கும், பிறகு முதலாம் கியருக்கும் இறக்கினார். எஞ்சின் ஊளையிட்டது. இடப்பக்கச் சில்லு றோட்டோரக் கல்லில் உரசியது. பஸ் கடைசி நேரத்தில் ஒதுங்கியது. அதன் ரயர் அடித்த தண்ணீர் முழுவதும் காரின் கூரைக்கு மேலால் வந்து என் முகத்தில்.

தலையை உள்ளே எடுத்தபோது வசந்தியின் குரல் கேட்டது. அன்று அவள் என்னோடு பேசியது அது ஒன்றுதான். "அண்ணை, நிண்டுபோகுமோ?"

"தெரியேல்லை பிள்ளை. நிக்கவிடாமல் பாக்கிறன்."

அவள் "ம்" என்றாள். விரல்கள் தோளில் இறுகின. பொய்யான ஒரு தைரியத்தைவிட அந்தப் பதில் அவளுக்குப் போதுமாக இருந்தது என்று நினைக்கிறேன், அல்லது அப்படி நினைக்க எனக்கு விருப்பமாக இருக்கிறது.

பெரியாஸ்பத்திரி வாசலுக்குள் திரும்பும்போது ஆட்கள் குறுக்கே நின்றார்கள். அண்ணை வேறு வழியில்லாமல் பிறேக்கை மிதித்தார். எஞ்சின் ஒருதரம் குலுங்கி நின்றது. அதற்குப் பிறகு தள்ளியும் பார்த்தோம், முன்னால் கைபிடியைப் போட்டு எஞ்சினைச் சுற்றியும் பார்த்தோம். அன்று முழுக்க அது மூச்சு விடவில்லை.

வசந்தியை உள்ளே கொண்டுபோனார்கள். நான் வெளியே சுவரோடு நனைந்தபடி குந்தியிருந்தேன். நாகரத்தினம் அண்ணை சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு என் பக்கம் பாராமல் நின்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரம் ஒன்று இல்லை. குலதெய்வத்திலிருந்து நயினாதீவு அம்மன் வரை எல்லாரிடமும் கெஞ்சினேன். பிள்ளைக்கு ஏதும் நடந்தால் இனி ஸ்பானரைத் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன்.

இரண்டு மணிபோல் பரமேசக்கா வெளியே வந்தா. "பெட்டைப்பிள்ளை. ரண்டு பேரும் சுகம்," என்று அண்ணையிடம் சொன்னா. பிறகு என்னிடம் வந்தா. நான் எழும்பி நின்றேன். ஏசுவா என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தம்பி, நேத்து ரண்டு தரம் கேட்டனான்," என்றா.

அவ்வளவுதான். நான் அந்த இடத்திலேயே குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன். அண்ணை தன் துவாயை எடுத்து என் தலையில் எறிந்தார்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். பற்றரியை மாறிக் கொடுத்ததற்கு ஆயிரம் சாட்டு உண்டு. பழகின கை, மழை, அவசரம், தெற்கில் எவனோ மாற்றிப் பூட்டினது. ஆருக்கும் நடக்கும், உங்களுக்கும் நடக்கும், நடக்கத்தான் போகிறது. சிவப்பு லைற்றின் வயரை இழுத்ததற்கு ஒரு சாட்டும் இல்லை. அதை நான் ஆற அமர யோசித்துச் செய்தேன். அன்றைக்கு மத்தியானமே சொல்லியிருந்தால் அவர்கள் றேடியோ போட்டிருக்க மாட்டார்கள். நாகரத்தினம் அண்ணை அன்று பின்னேரமே வெளியூர் வாகனம் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருப்பார். ஒரு மெக்கானிக்கின் மானத்தைத் தவிர வேறொன்றும் போயிராது.

காரைக் கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டுபோனோம். வேறு ஒல்ரனேற்றர் தேடிப்பிடிக்க எனக்கு மூன்று கிழமைக்கு மேல் எடுத்தது. பூட்டப் போன அன்று தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நாகரத்தினம் அண்ணை கதிரையைப் போட்டுக் கொட்டில் வாசலில் இருந்துகொண்டு, நான் ஒவ்வொரு நட்டில் கைவைக்கும்போதும், "இண்டைக்கு எதைக் கழட்டிவிடப்போறாய்?" என்று கேட்டபடி இருந்தார். சாகும்வரை அந்தக் கேள்வியை அவர் விடவில்லை.

பூட்டி முடித்தேன். பற்றரி வயரைக் கொடுக்கமுன் இரண்டு முனையையும் கையால் தடவி, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஸ்டார்ட் பண்ணியதும் சிவப்பு லைற் பற்றி, அணைந்தது. அந்த லைற் அணைந்தபோது எனக்கு வந்த ஆறுதலை என்னால் விவரிக்க ஏலாது.

பரமேசக்கா பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டியபடி குசினி வாசலுக்கு வந்தா. அதே இடம். அதே கேள்வி.

"எல்லாம் சரியோ தம்பி?"

எல்லாம் சரிதான் என்று சொல்லலாம், கிட்டத்தட்ட அது உண்மையும்தான். ஆனால் கழற்றும்போது அடிப்பக்கத்து போல்ட் ஒன்றின் புரி தேய்ந்துபோயிருந்தது. வேறு போல்ட் கையில் இல்லாமல் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தேன். வெளியில் பார்த்தால் தெரியாது.

"இல்லை அக்கா. கீழ்ப்பக்கத்து போல்ட் ஒண்டு பழுது. கம்பி போட்டுக் கட்டியிருக்கிறன். ஓடலாம், ஆனால் இந்தக் கிழமைக்குள்ளை வந்து மாத்தித்தாறன்."

நாகரத்தினம் அண்ணை சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். பரமேசக்கா பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினா.

"அப்ப மிச்சம் எல்லாம் சரி," என்று சொல்லிவிட்டு உள்ளே போனா.

நான் பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு படலையைத் திறந்தேன். சைக்கிளில் ஏறுவதற்குள் பின்னால் பாட்டுச் சத்தம் கேட்டது. கார் பற்றரியிலிருந்து யன்னல் வழியாக வயரை இழுத்துக் கொடுத்து, அவ றேடியோவைப் போட்டுவிட்டா.